முன்பாதி சொல்லக் கற்ற தெரு

எங்கள் பங்குக் கோயிலில் ஞாயிறு வகுப்பு எடுக்கிற பிள்ளைகள் சிலர் போன மாதம் என்னைப் பார்க்க வந்தார்கள். பிள்ளைகள் என்றால் எனக்குத்தான் பிள்ளைகள். அதில் ஒருத்திக்குக் கல்யாணமாகிக் கைக்குழந்தை இருக்கிறது. பாகூர்ப் பக்கத்துக் காலனியில் நடக்கிற ஞாயிறு பள்ளிக்கு விழா எடுக்கிறார்களாம், மலர் போடுகிறார்களாம். "ஐயா, இன்னா நோக்கத்துக்காக இத ஆரம்பிச்சீங்க?" என்று கேட்டார்கள். நோக்கமெல்லாம் ஒன்றுமில்லை, ஒரு கல்யாணம் நின்றுபோகக் கூடாது என்பதற்காக ஆரம்பித்தது என்றேன். அவர்கள் முகம் கொஞ்சம் தொங்கிப்போனது. மலருக்கு வேண்டியதை அவர்களே எழுதிக்கொள்ளட்டும். நடந்ததை நான் இங்கே எழுதிவைக்கிறேன்.

நான் உபதேசியாராக வேலை பார்த்தவன். இன்றைக்கு அந்தச் சொல்லைச் சொன்னால், ஏதோ பிரசங்கம் செய்கிறவர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பிரசங்கம் சாமியார் செய்வார். மற்றதெல்லாம் உபதேசியார் தலையில். மணி அடிப்பது, சவத்துக்கு முன்னால் குருசு பிடித்துக்கொண்டு நடப்பது, சாகக் கிடப்பவர் வீட்டிலிருந்து ஆள் வந்தால் ஓடிப்போய்ச் சாமியாரை எழுப்புவது, பிறந்த குழந்தை தங்காது என்று மருத்துவச்சி சொல்லிவிட்டால் நாமே தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்துவிடுவது. கல்யாணத்துக்கு நிற்கிற ஆணையும் பெண்ணையும் கூப்பிட்டு மந்திரம் கேட்பதும் எங்கள் வேலைதான். செபங்களை எங்கள் பக்கம் மந்திரம் என்றுதான் சொல்வோம்.

இந்த வேலைக்கு என்னை இரண்டு வருஷம் பழக்கினார்கள். அதில் பாதி நாள் லத்தீன் பூசைக்குப் பதில் சொல்லப் பழகியதில் போனது. வேலையில் சேர்ந்து மூச்சு விடுவதற்குள் பூசை தமிழுக்கு மாறிவிட்டது. அந்தப் பாதி வீண். மீதிப் பாதியை வைத்துக்கொண்டு முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டினேன்.

நான் வந்த ஊரில் இரண்டு தெரு. ஊர்த்தெருவில் நிலம் வைத்திருக்கிற கிறிஸ்தவக் குடும்பங்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் காலனி. அங்கேயும் கிறிஸ்தவர்கள்தான், ஆனால் கூலிக்காரர்கள். கோயில் குருசு வடிவில், சிலுவைபோலக் கட்டியது. நடுக்கூடம் ஊர்த்தெருவுக்கு, வடக்குப் பக்கத்து இறக்கை காலனிக்கு. இரண்டுக்கும் நடுவில் ஒரு காலத்தில் கைப்பிடிச் சுவர் இருந்ததாம். நான் வரும்போது சுவர் இல்லை. சுவரை எடுத்தவர்கள் ஆட்களை இடம் மாற்றி உட்காரவைக்க மறந்துவிட்டார்கள்.

பூசைக்கு முன்னால் செபமாலை நடக்கும். அதற்கு ஒரு முறை உண்டு. ஒவ்வொரு மந்திரமும் இரண்டு பாதி. ஒருவர் முன்பாதியைச் சொல்லி எடுத்துக்கொடுக்க, மற்ற எல்லோரும் பின்பாதியைச் சொல்லி முடிப்பார்கள். எங்கள் கோயிலில் முன்பாதி சொல்பவர் மணியக்காரர் ஞானப்பிரகாசம். கோயில் சாவி அவரிடம், திருவிழாக் கணக்கு அவரிடம், முன்பாதியும் அவரிடம். அவருக்கு முன்னால் அவருடைய அப்பா. நல்ல கட்டைக் குரல், கோயில் ஓடு அதிரும். அத்தனை வருஷமாக முன்பாதியையே சொல்லி வந்தவருக்குப் பின்பாதி தெரியுமா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம் உண்டு.

எழுபதுகளின் தொடக்கத்தில் எங்களுக்குப் புதுச் சாமியார் வந்தார். புதியவர் என்றாலும் வயதானவர். பிரான்சிலிருந்து இளம் வயதில் இங்கே வந்தவர். தமிழை எங்கேயோ கிராமத்தில் உட்கார்ந்து புத்தகம் வைத்துக் கற்றிருக்கிறார். எழுத்தில் எப்படி இருக்குமோ அப்படியே பேசுவார். மொபெட்டில் வருவார், ஆனால் வருகிறார் என்று யாருக்கும் தெரியாது. அரை மைலுக்கு முன்னாலேயே வண்டியை யார் வீட்டுச் சந்திலாவது நிறுத்திவிட்டு நடந்து வந்துவிடுவார். நாற்காலி போட்டால் உட்கார மாட்டார். திட்டியதே கிடையாது. ஒரு கேள்வியைக் கேட்பார். பதில் பிடிக்காவிட்டால் அதே கேள்வியை முன்னைவிட மெதுவான குரலில் கேட்பார். மூன்றாம் முறை கேட்கும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அங்கியில் துடைப்பார். அதற்குள் எதிரே நிற்பவர் வியர்த்துப் போயிருப்பார். "அலோர்" என்று அவர்கள் பாஷையில் ஒரு சொல் வைத்திருந்தார். அந்தச் சொல் வந்துவிட்டால் பேச்சு முடிந்தது, இனி அவர் சொல்வதுதான் முடிவு என்று அர்த்தம்.

வந்ததும் அவர் மாற்றிய முதல் விஷயம், கல்யாண மந்திரப் பரீட்சை. அதுவரை அதை நான்தான் நடத்திவந்தேன். எனக்கு முன்னால் இருந்த உபதேசியார் எப்படிச் செய்தாரோ அப்படியே செய்தேன். கல்யாணப் பெண் வெட்கத்தில் வாய் திறக்க மாட்டாள். நான் முன்பாதியைச் சொல்லி எடுத்துக்கொடுப்பேன். அவள் பின்பாதியை முடித்துவிடுவாள். சரி, தெரிகிறது, போ என்று அனுப்பிவிடுவேன். புதுச் சாமியார், "நானே கேட்கிறேன், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்" என்றார்.

அப்படி அவர் முன்னால் முதலில் வந்து நின்றவள் லூர்து. காலனிப் பெண். அப்பா இல்லை. அம்மா அந்தோணியம்மாவும் அவளும் நடவு, களை, அறுப்பு என்று எது கிடைக்கிறதோ அதற்குப் போகிறவர்கள். பூரணாங்குப்பத்தில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். சவரி என்று பெயர். புதுச்சேரிப் பஞ்சாலையில் பதிலி ஆள்; வேலை இருக்கிற நாளில் சைக்கிளில் மில்லுக்குப் போவான், இல்லாத நாளில் வயலுக்குப் போவான். நிச்சயத்தின்போது பார்த்திருக்கிறேன், பேச்சு குறைந்த பையன்.

பொங்கல் கழிந்த வாரம். பூசை உடுப்பு வைக்கிற சிறிய அறையில் லூர்து கைகட்டி நின்றாள். பின்னால் அவள் அம்மா.

"சொல்லு மகளே" என்றார் சாமியார்.

பழக்கதோஷம், நான் முன்பாதியை எடுத்துக்கொடுக்க வாயைத் திறந்தேன். அவர் என் பக்கம் திரும்பி, "கல்யாணம் உங்களுக்கா உபதேசியாரே?" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

லூர்து கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள். நடுவிலிருந்து ஆரம்பித்தாள். பின்பாதியை ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்லி முடித்தாள். பயத்தில் முன்னால் உள்ளதை விட்டுவிட்டாள் என்று சாமியார் நினைத்தார். வேறொரு மந்திரம் கேட்டார். அதிலும் பின்பாதி. மூன்றாவது கேட்டார். அதுவும் அப்படியே. அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"முன்னால் இருப்பது எங்கே மகளே?"

லூர்து அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அந்தோணியம்மாதான் பதில் சொன்னாள். "அது எங்குளுது இல்லீங்க சாமி. அது ஊர்க்காரங்க சொல்றது. நாங்க பதிலுதான் சொல்லுவோம்."

அதில் புகார் எதுவும் இல்லை. வாய்க்காலில் நாங்கள் கடைசி மடைக்காரர்கள் என்று சொல்வதுபோலச் சொன்னாள். சாமியார் அவளையே சொல்லச் சொன்னார். அவளுக்கும் பின்பாதிதான் தெரிந்தது. அன்று சாயங்காலம் என்னையும் கூட்டிக்கொண்டு காலனிக்குப் போனார். வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள், அடுப்பு ஊதிக்கொண்டிருந்தவர்கள், கிழம், குமரி, எல்லோரிடமும் கேட்டார். ஊர்த்தெருவில் வீட்டுக்கு வீடு இரவுச் செபம் உண்டு, அங்கே குடும்பத்துப் பெரியவர் எடுத்துக்கொடுப்பார். காலனியில் வேலை விட்டு வந்து கஞ்சி குடித்துப் படுக்கிறவர்களுக்கு மந்திரம் என்றால் கோயிலில் கேட்டதுதான். கோயிலில் அவர்கள் ஒருநாளும் எடுத்துக்கொடுத்ததில்லை. ஒரு தெரு முழுக்கப் பாதி மந்திரத்தோடு இருந்திருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை. காலனி இறக்கையிலிருந்து பின்பாதி வருகிற சத்தத்தைக் கேட்டால் யாருக்கும் தெரியாது. மற்றவர்களைவிட அவர்கள்தான் கணீரென்று சொல்வார்கள்.

திரும்பி வரும்போது வாய்க்கால் பாலத்தில் நின்று சாமியார் சொன்னார். "அலோர். முழுச் செபமும் தெரியாமல் ஓலை கிடையாது. பாதி தெரிந்தவளுக்குப் பாதி ஓலையா வாசிப்பேன்?"

ஓலை என்பது கல்யாண அறிவிப்பு. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு கோயிலில் வாசிக்க வேண்டும். மூன்றும் வாசித்த பிறகுதான் தாலி. பாஸ்குக்கு, அதாவது ஈஸ்டருக்கு, முந்திய நாற்பது நாள் தபசுகாலம். அது பிறந்துவிட்டால் கல்யாணம் கிடையாது, பாஸ்கு கழிய வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். நடுவில் இரண்டு ஞாயிறு. மூன்றாவது ஞாயிறன்று முதல் ஓலை விழுந்தாக வேண்டும். விழாவிட்டால் தபசுக்கு முன் கல்யாணம் நடக்காது. மாப்பிள்ளையின் அப்பா ஏற்கெனவே, தள்ளிப்போனால் தன் தங்கை மகளைப் பார்ப்பேன் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார்.

மறுநாள் விடியற்காலையில் நான் மணி அடித்துவிட்டுக் கோயில் படி இறங்கும்போது லூர்து நின்றுகொண்டிருந்தாள். கையில் நடவுக்குப் போகிற தூக்குப் போணி.

"ஐயா, எனக்குச் சொல்லிக் குடுங்க" என்றாள்.

"குடுக்கறேன். இல்லன்னா பாஸ்கு கழிச்சி வேற எடம் பார்த்துக்கலாம்னு உங்கம்மா சொல்லுதே?"

"வேற எடம் வேணாம்யா." தலை நிமிராமலே சொன்னாள். "அவங்க பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கி எங்கையி சேத்துப்புண்ணு வந்து வெந்து கெடந்துது. முந்தானில மறைச்சிக்கினேன். அவரு பார்த்துட்டாரு. எங்கம்மா கையும் இப்பிடித்தான் இருக்கும், மஞ்சள அரைச்சிப் போடுன்னாரு. மத்தவங்க மாதிரி கொறையா ஒண்ணும் பேசல."

ஒருத்திக்கு மட்டும் சொல்லிக்கொடுத்து அனுப்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். சாமியாரிடம் போய்ச் சொன்னேன். அவர், "அடுத்த வருஷம் இன்னொரு லூர்து வருவாள். தெருவுக்கே சொல்லிக்கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு" என்றார். அவ்வளவுதான் தொடக்கம். விழா மலரில் போடுவதற்கு இதில் ஒன்றும் இல்லை.

முதல் ஞாயிறு, பூசை முடிந்ததும் கோயில் வாசலில் பாய் போட்டு உட்கார்ந்தேன். ஊர்த்தெருப் பிள்ளைகள் வந்து சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். காலனியிலிருந்து ஒரு குருவி வரவில்லை. ஏன் என்று போய்ப் பார்த்தால் தெருவே காலி. நவரை நடவு நேரம்; ஏரித் தண்ணீர் முறை வைத்து வருகிறது; முறை வந்த அன்று நட்டாக வேண்டும், ஞாயிறு திங்கள் என்று பார்க்க முடியாது. பெண்கள் பூசை முடிந்ததும் முடியாததுமாக வயலில் இறங்கிவிட்டார்கள். சின்னதுகள் மாடு மேய்க்கப் போய்விட்டன. பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டேன். வெயில் தாழ, நடவு கரையேறுகிற நேரத்தில், காலனிக் கைப்பம்புக்குப் பக்கத்தில் புங்கமரத்தடியில் போய் உட்கார்ந்தேன். கால் கழுவ எப்படியும் அங்கே வந்துதான் ஆக வேண்டும். வந்தவர்களைப் பிடித்து நிறுத்தினேன். முழங்கால் வரை சேறோடு பெண்கள், மாட்டுக் கயிற்றோடு பிள்ளைகள், இதுதான் வகுப்பு.

"இன்னிக்கு நான் பதில் சொல்றேன். நீங்க எடுத்துக் குடுங்க" என்றேன். ஒருத்தி சிரித்தாள். தெருவே சிரித்தது.

"உபதேசியாரு நம்மள மணியக்காரரு ஆக்கப் பார்க்கறாரு" என்றாள் ஒரு கிழவி.

நான் ஒரு சொல் சொல்ல, அவர்கள் ஒரு சொல் சொல்ல, முன்பாதியைத் துண்டு துண்டாக ஊட்டினேன். மாடு மேய்க்கிற பிள்ளைகள் அன்றே பிடித்துக்கொண்டன. பெரியவர்களுக்குத்தான் சிக்கல். முன்பாதியில் இரண்டு சொல் தாண்டியதும் நாக்கு தானாகப் பின்பாதிக்கு ஓடிவிடும். எல்லோரையும்விட லூர்துக்கு அது மோசமாக இருந்தது. அவளுக்குத்தான் அவசரம், அவசரத்தில் ஓட்டம் இன்னும் கூடியது. ஒவ்வொரு நாள் சாயங்காலமும் வந்து பழகினாள். என்னோடு சேர்ந்து சொன்னால் வரும். நான் நிறுத்தினால் அவளும் நின்றுவிடுவாள்.

அந்த வாரத்தில் மணியக்காரர் என் வீட்டுக்கு வந்தார். அவர் வீட்டுக்கு வருவதென்றால் வெற்றிலைத் தட்டு வைத்துப் பேசுகிற விஷயம். வெற்றிலையைத் தொடவில்லை.

"வகுப்பு எடுங்க உபதேசியாரே, வாணாங்கல" என்றார். "சாமியாரு சொன்னா நீங்க செய்யணும். முன்பாதிய எதுக்குச் சொல்லிக் குடுக்கறீங்க? நாளைக்கி ஒருத்தி எழுந்து கோயில்ல எடுத்துக் குடுத்தா, நாங்க குந்திக்கினு பதிலு சொல்லணுமா?"

"அது செபந்தானேங்க. யார் எடுத்தாலும் மாதாவுக்குத்தான் போகுது."

"மாதாவுக்குப் போறதெல்லாம் எனக்குத் தெரியும். தெருவுக்கு இன்னா போகுதுன்னு பாருங்க."

மறுநாளிலிருந்து ஊர்த்தெருவிலிருந்து வந்த பால் நின்றது. அரை வருஷம் கடுங்காப்பி குடித்தேன். உடம்புக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை.

இரண்டாம் ஞாயிறு வகுப்பிலும் லூர்து தேறவில்லை. அதற்கடுத்த புதன்கிழமையோ வியாழனோ, ஏரிக்கரைப் பக்கம் ஒரு நோயாளியைப் பார்த்துவிட்டு வரப்பு வழியாக வந்துகொண்டிருந்தேன். பெரிய நடவு நடந்துகொண்டிருந்தது. ஒரு குரல் பாட்டெடுக்க, வரிசையாகக் குனிந்திருந்த பெண்கள் வாங்கிப் பாடினார்கள். எடுத்த குரல் கடைசி மடை வரைக்கும் போயிற்று. யாரென்று நின்று பார்த்தேன். லூர்து. பாட்டை யாரும் வாங்காமல் கொஞ்சம் தொய்ந்தபோது நட்டுக்கொண்டே அதே அடியை மறுபடி ஓங்கி எடுத்தாள். எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். கூட நட்ட பெண்களில் பாதிப் பேர் கோயிலுக்கே வராதவர்கள், மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். அவர்களும் அவள் சொல்லுக்குத்தான் நட்டார்கள்.

நிலக்காரர் வெற்றிலை போட வரப்பேறியபோது அவளைக் கூப்பிட்டேன்.

"இங்க யாரு உனக்கு எடுத்துக் குடுக்கறது?"

"யாரும் இல்லீங்கய்யா. நாந்தான் எடுப்பேன்."

"பின்ன மந்திரத்துக்கு மட்டும் ஏன் என் வாயப் பார்க்கற?"

"இது எங்க பாட்டு" என்றாள்.

"அதுவும் உன் மந்திரந்தான். இங்க எடுக்கற மாதிரி எடு. வாங்கறவங்க வாங்கட்டும்."

அன்று சாயங்காலம் கைப்பம்படியில் அவளை நடுவில் நிறுத்தினேன். நான் மரத்துக்கு அந்தப் பக்கம் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன். அவள் எடுத்தாள். மெட்டில்லாமல், ஆனால் வயலில் எடுக்கிற அதே குரலில். முன்பாதி முழுசாக வந்தது. தெரு பின்பாதியைச் சொன்னது. அன்றிலிருந்து அந்தப் பள்ளியில் அதுதான் முறை. உபதேசியார் எடுத்துக்கொடுப்பதில்லை. ஒவ்வொரு வாரமும் வேறு ஒரு பிள்ளை எடுக்கும், வாத்தியார் உட்பட மற்றவர்கள் பதில் சொல்வார்கள். இப்போது அச்சடித்த பாடநூலும் சுவரில் படம் காட்டுகிற கருவியும் வந்துவிட்டன. இந்த முறை மட்டும் மாறாமல் இருப்பதாக வந்த பிள்ளைகள் சொன்னார்கள். ஏன் அப்படி வைத்தோம் என்று மட்டும் அவர்களுக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை மறுபடி பரீட்சை. சாமியார் மணியக்காரரையும் வரச்சொல்லியிருந்தார். லூர்து முழு மந்திரமும் சொன்னாள், ஒன்றுவிடாமல். அந்தோணியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மணியக்காரர் தொண்டையைச் செருமினார். "உபதேசியாரு மனப்பாடம் பண்ணிக் குடுத்துட்டாரு சாமி. ஓலை விழுந்த மறுநாளு மறந்துடும். இதெல்லாம் ஒரு பரீட்சையா?"

சாமியார் அவரை நன்றாகப் பார்த்தார். கோபப்படவில்லை. "சரியாகச் சொன்னீர்கள்" என்றார். "அலோர், நாளைக்குப் பூசைக்கு முன்னால் செபமாலையை இவள் எடுக்கட்டும். எல்லோரும் கேட்கட்டும். அதுவே பரீட்சை. பாதியில் நின்றால் ஓலை இல்லை. உபதேசியாரே, நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. நானும் திறக்க மாட்டேன்."

மணியக்காரர் எதிர்பார்த்தது இதுவல்ல. துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார். அந்தோணியம்மா சாமியார் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "வாணாம் சாமி, ஓலையே வாணாம். நாங்க அவங்க நெலத்துலயும் நடவு நட்டாகணும். எங்கள வேலைக்கிக் கூப்புட மாட்டாங்க சாமி."

சாமியார் திரும்பினார். லூர்துவிடம், "நீ சொல்லு" என்றார். இரண்டாம் முறை அவர் கேட்க வேண்டியிருக்கவில்லை. "எடுக்கறேன் சாமி" என்றாள். எனக்கு அந்த நேரம் சாமியார் மேல் கோபமாகத்தான் இருந்தது. ஊர்ச் சண்டையை ஒரு கல்யாணப் பெண் தலையில் கட்டிவிட்டு மொபெட்டில் ஏறிப் போய்விடுகிறாரே என்று நினைத்தேன். கேட்கிற தைரியம் வரவில்லை. அது நியாயமா இல்லையா என்று இன்றைக்கும் என்னால் தீர்த்துச் சொல்ல முடியவில்லை.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பள்ளி நிலைத்துவிட்டது. ஊர்த்தெரு பிள்ளைகளை அனுப்பவில்லை. அவர்களுக்கென்று மணியக்காரர் வீட்டு முற்றத்தில் தனி வகுப்பு வைத்துப் பார்த்தார்கள், ஆறு மாதம்கூட ஓடவில்லை. அவர்கள் பிள்ளைகள் புதுநன்மை என்கிற முதல் நற்கருணை வாங்கும் வருஷம் வந்ததும் ஒவ்வொருவராகப் புங்கமரத்தடிக்கு வந்து சேர்ந்தார்கள். அந்தோணியம்மாவை இரண்டு போகம் யாரும் நடவுக்குக் கூப்பிடவில்லை என்பதும் உண்மை. அவள் திருவாண்டார்கோயில் பக்கம் செங்கல் சூளைக்குப் போய்வந்தாள். சாமியார் எங்களிடம் இன்னும் சில வருஷம் இருந்தார். பிறகு வயதான சாமியார்கள் தங்குகிற இல்லத்துக்கு ஓய்வுக்குப் போனார், அங்கேயே அடக்கமானார். எனக்கு அதற்கப்புறம் எத்தனையோ சாமியார்கள், நல்லவர்கள், கெட்டிக்காரர்கள். யாரும் என்னை அவரைப்போல வேலை வாங்கியதில்லை.

லூர்து செபமாலை எடுக்க வேண்டிய அந்த ஞாயிறு வழக்கத்தைவிடக் கூட்டம். சனிக்கிழமை அறையில் பேசியது ராத்திரிக்குள் இரண்டு தெருவுக்கும் தெரிந்துவிட்டது. நான் இரண்டாம் மணி அடித்துவிட்டு வாசலோரம் கயிற்றுக்குப் பக்கத்திலேயே நின்றேன். மணியக்காரர் தன் வழக்கமான இடத்தில், முன்வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாமியார் பூசை உடுப்பு பாதி போட்டபடி அறை வாசலில் நின்றார். வடக்கு இறக்கையில் லூர்து எழுந்தாள். புதுப் புடவை இல்லை. நாளும் உடுத்துகிற புடவையைத் துவைத்து உடுத்தியிருந்தாள்.

குருசு போட்டுக்கொண்டு எடுத்தாள். முன்பாதி சுத்தமாக வந்தது. முடிந்தது.

பதில் வரவில்லை.

ஊர்த்தெரு வாய் திறக்காது என்று எனக்குத் தெரியும். காலனியும் திறக்கவில்லை. கைப்பம்படியில் கணீரென்று சொன்னவர்கள் மணியக்காரர் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்தோணியம்மா தலையைக் குனிந்துகொண்டாள். கோயில் கூரையில் புறா நடக்கிற சத்தம் கேட்டது. எனக்குப் பின்பாதி தொண்டை வரை வந்துவிட்டது. சாமியார் என்னைப் பார்த்தார். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

லூர்து அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை. அதே முன்பாதியை மறுபடியும் எடுத்தாள். இந்த முறை வயல் குரல். கடைசி மடைக்குக் கேட்க வேண்டிய குரல் அது, அந்தச் சின்னக் கோயிலுக்கு அதிகம்.

என் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு ஆண் குரல் பின்பாதியைச் சொன்னது. சத்தமாக இல்லை. வேகமாக வந்தவனுக்கு மூச்சு வாங்குவதுபோல நடுவில் ஒரு இடத்தில் நின்று, மீதியைச் சொல்லி முடித்தது. திரும்பிப் பார்த்தேன். சவரி. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, கால்சட்டைக் காலில் சைக்கிள் கிளிப். பெண் ஊரில் ஓலை விழுந்து முடியும் வரை மாப்பிள்ளை அங்கே தலைகாட்டுவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. அவனுக்கு யார் சொல்லிவிட்டார்கள், அப்பாவிடம் சொல்லிக்கொண்டு வந்தானா, எதுவும் எனக்குத் தெரியாது. பிந்தி வருகிறவர்கள் உட்காருகிற இடத்தில், செருப்புகளுக்குப் பக்கத்தில் குந்தினான்.

லூர்து திரும்பிப் பார்க்கவில்லை. குரல் அடையாளம் தெரிந்திருக்க வேண்டும், காதுவரை சிவந்துவிட்டாள். அடுத்த முன்பாதியை எடுத்தாள். அவன் சொன்னான், கூடவே அந்தோணியம்மா சொன்னாள். அதற்கடுத்ததற்கு வடக்கு இறக்கை முழுவதும் சொன்னது. செபமாலையில் இரண்டாவது பத்து மந்திரம் நடக்கும்போது ஊர்த்தெருப் பெண்கள் பக்கத்திலிருந்தும் முணுமுணுப்பு கேட்டது. எத்தனை வருஷப் பழக்கம், முன்பாதி காதில் விழுந்தால் வாய் சும்மா இருக்காது. ஆண்கள் சிலரும் சேர்ந்தார்கள். மணியக்காரர் கடைசிவரை கட்டின கையை எடுக்கவில்லை.

செபமாலை முடிந்தது. ஓலையைப் பிரசங்கத்துக்குப் பிறகுதான் வாசிப்பது வழக்கம். சாமியார் அதற்குக் காத்திருக்கவில்லை. அறையிலிருந்து நேராக என்னிடம் நடந்து வந்து, "அலோர், வாசியுங்கள்" என்றார்.

சாமியாரோடு பீடத்துக்கு முன்னால் போய் நின்று வாசித்தேன். பூரணாங்குப்பம் இன்னார் மகன் சவரி, இந்த ஊர் இன்னார் மகள் லூர்து, முதல் ஓலை. தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று முடித்தேன். அங்கே ஒரு மூச்சு நேரம் நிறுத்தி, யாராவது எழுகிறார்களா என்று பார்ப்பது முறை. அன்றைக்கு நான் முறைக்கு மேலேயே நிறுத்தினேன். மணியக்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிறுத்தினேன். அவர் தரையைப் பார்த்தார்.

யாரும் எழுந்திருக்கவில்லை. பீடத்தண்டை இருந்த எங்கள் இருவரைத் தவிர, கோயிலில் நின்றுகொண்டிருந்தது லூர்து ஒருத்திதான். அவள் உட்கார மறந்துபோயிருந்தாள்.